45 டாலர் ஞ

முதலில் மன்னார்குடி அத்தைக்கு ஒரு சேதி. நான் வெள்ளிக்கிழமைகளில் போவது எஸ்டேட் சேல். தேயிலை எஸ்டேட் இல்லை, ஏலக்காய் எஸ்டேட்டும் இல்லை. பெரியவர் ஒருவர் காலமாகி, பிள்ளைகள் மூலைக்கொருவராக இருந்தால், ஒரு கம்பெனிக்காரர் வந்து கட்டில் முதல் கரண்டி வரை விலைச்சீட்டு ஒட்டி, மூன்று நாளில் விற்றுக் கொடுப்பார். அவ்வளவுதான். அம்மா ஊரெல்லாம் "பையன் வாராவாரம் எஸ்டேட் பார்க்கப் போறான்" என்று சொல்லி வைத்ததில், அத்தை போனில், "சின்னவனுக்கும் சேர்த்து ரெண்டு ஏக்கர் பாருடா, ரோட்டோரமா இருந்தா நல்லது" என்கிறார். நான் வாங்கி வந்தது 14 அங்குல இரும்பு. அதுவும் ஏற்கெனவே என்னுடையது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை பீகிள் நாய்க்காரர் வீட்டில் சேல். ஆபீசில் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தேன். இந்த வருடத்தில் இது பதினோராவது பல். மானேஜர் இப்போதெல்லாம் என்னோடு பேசும்போது என் வாயையே பார்க்கிறார்.

கதவு திறப்பது 9 மணிக்கு. 7 மணிக்கே எண் சீட்டு வாங்கப் போனேன். எனக்கு 14. பேன்ட்டைத் தோள்பட்டி போட்டு மாட்டி வரும் சஸ்பெண்டர் தாத்தாவுக்கு 3. அந்த மனிதர் எப்போதுதான் தூங்குகிறாரோ. வாங்கி விற்பவர், வயிற்றுப்பாடு, போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் போன மாதம் நான் கை நீட்டுவதற்குள் டிஸ்டன் என்ற பழைய கம்பெனியின் ரம்பம் ஒன்றை எடுத்து, கைப்பிடியில் இருந்த பித்தளை வில்லையை எச்சில் தொட்டுத் துடைத்து, கம்பெனியின் ஊரை, "ஃபிலடெல்பியா" என்று எனக்கே படித்துக் காட்டிவிட்டுப் போனார். அந்த எச்சிலைத்தான் மன்னிக்க முடியவில்லை.

முதலில் பதினைந்து பேரை விட்டார்கள். பதிமூன்று பேர் பீங்கான் தட்டுகளைப் பார்த்து ஓடினார்கள். தாத்தாவும் நானும் நேரே பேஸ்மென்ட்.

அதை பேஸ்மென்ட் என்று சொல்லக் கூடாது, சந்நிதி. குழந்தை உணவு பாட்டில்களின் மூடிகளை அலமாரிக்கு அடியில் ஆணியடித்திருந்தார் நாய்க்காரர். பாட்டிலைத் திருகிக் கழற்றினால் ஒன்றில் வாஷர், ஒன்றில் முக்கால் அங்குல ஆணி, ஒன்றில் திருகாணி. சுவரில் துளைப்பலகை. ஒவ்வொரு கருவி தொங்கும் இடத்திலும் அதன் உருவத்தை பெயின்டால் வரைந்திருந்தார். சுத்தியலை எடுத்தால் வெறும் சுத்தியல் உருவம் நம்மை முறைக்கும். எங்கள் வீட்டில் இப்படி வரைந்தால் சுவரில் உருவங்கள் மட்டும்தான் இருக்கும். கருவிகள் எல்லாம் சமையலறை மூன்றாவது டிராயரில், சப்பாத்திக்கட்டைக்கு அடியில்.

பாதிக் கருவிகளில் தன் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை, நம்மூர் ஆதார் மாதிரி அமெரிக்காவில் ஆளுக்கொன்று தரும் எண்ணை, பொறித்திருந்தார். 1960, 70களில் திருட்டுப் போனால் கண்டுபிடிக்க வசதியாக இருக்கும் என்று போலீசே அப்படிப் பொறிக்கச் சொல்லியிருக்கிறது. என் எண்ணை நான் பெற்ற மகளிடம்கூடச் சொன்னதில்லை. இவர் குறட்டில் வெட்டி வைத்திருக்கிறார்.

தாத்தா வைஸ் பக்கம் குனிந்த நேரத்தில் மேல் தட்டைப் பார்த்தேன். மற்றதெல்லாம் சுவரில் தொங்க, இது மட்டும் தனியாக, எண்ணெய்த் தாளில். பிரித்தால் ஸ்டான்லி கம்பெனியின் 5ஆம் நம்பர் இழைப்புளி. ரோஸ்வுட் பிடி, குட்டையான முன்குமிழ். அலகைத் தாங்கும் இரும்புக்கு இந்த ஊரில் தவளை என்று பெயர். அந்தத் தவளைக்குப் பின்னால் மூன்று காப்புரிமைத் தேதிகள், கடைசித் தேதி 1910. அப்படி மூன்று தேதி இருந்தால் 1910க்கும் 1918க்கும் நடுவில் வார்த்தது. எனக்குக் கை நடுங்கியது. விலை 45 டாலர். சீட்டின் கீழே பேனாவில் ஒரு குறிப்பு: "பக்கவாட்டில் அரிய முத்திரை. ஜப்பான்?"

திருப்பினேன்.

ஞ.

ஜப்பான் ஆசாரிகளின் இழைப்புளி மரக்கட்டையில் செய்தது. அதைத் தள்ள மாட்டார்கள், தன் பக்கம் இழுப்பார்கள். இது கனெக்டிகட்டில் நியூ பிரிட்டன் என்ற ஊர்க் கம்பெனியின் இரும்பு. முத்திரை என் கைங்கரியம். 2018ல் இதை 6 டாலருக்கு, துருப்பிடித்த செங்கல் மாதிரி வாங்கி வந்து, மகளின் பொறிக்கும் பேனாவால் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன். ஞா என்று எழுத ஆரம்பித்து, கால் போடுவதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது.

துரு எடுக்கத் திட்டம் இருந்தது. வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் இழைப்புளியை முக்கி, ஒரு பழைய இரும்புத் துண்டையும் முக்கி, பேட்டரி சார்ஜரால் மின்சாரம் கொடுத்தால் துரு கழன்றுவிடும். துண்டு எவர்சில்வராக இருக்கக் கூடாது, விஷம் கலக்கும். இத்தனையும் தெரியும். முப்பத்தொரு வீடியோ பார்த்திருக்கிறேன். வாஷிங் சோடா வாங்கி வைத்தேன், என் மனைவி தங்கமணி துணி துவைத்துத் தீர்த்தாள். மறுபடி வாங்கினேன், மறுபடி துவைத்தாள். போர்வையெல்லாம் பளிச்சென்று ஆனது. இழைப்புளி அப்படியே இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு நான் ஊருக்குப் போன வாரம், தங்கமணி கராஜ் சேல் போட்டு அதை 3 டாலருக்கு விற்றுவிட்டாள். யாருக்கு என்று கேட்டதற்கு, "யாரோ ஒரு தாத்தா, நாயோட வந்தார்." எங்கள் பேட்டையில் நாய் இல்லாத தாத்தாவைத்தான் விரல்விட்டு எண்ணலாம்.

கல்லாவில் இருந்த அம்மாளிடம் பேரம் பேசிப் பார்த்தேன். முதல் நாள் பேரம் கிடையாதாம். சனிக்கிழமை கால் பங்கு தள்ளுபடி, ஞாயிறு பாதி விலை. இது ஜப்பானும் இல்லை ஒன்றும் இல்லை, என் தாய்மொழி எழுத்து என்றேன். "அப்படியா! அப்போது இன்னும் அரியதோ?" என்று பேனாவைத் தேடினார். பின்னால் படியில் சஸ்பெண்டர் தாத்தாவின் பூட்ஸ் சத்தம். 45 டாலரை எண்ணி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

தங்கமணி வாசலிலேயே கணக்கு முடித்தாள். 6க்கு வாங்கி, 3க்கு விற்று, 45க்குத் திரும்ப வாங்கியிருக்கிறோம். நிகர நஷ்டம் 48 டாலர், வாஷிங் சோடா தனி. "இந்தச் சாமர்த்தியத்துக்கு அத்தை கேட்ட ஏக்கரையே வாங்கிக் கொடுத்திருக்கலாம்."

பதில் சொல்லாமல் ஒரு பைன் பலகையை எடுத்து, இழைப்புளியை வைத்து ஒரு தள்ளு. அப்படியே சுருண்டு வந்தது சீவல், வெங்காயச் சருகு மாதிரி. மகள் அதைக் கண்ணில் வைத்து என்னைப் பார்த்தாள். தெரிகிறேனாம். அலகில் முகம் பார்க்கலாம். அடிப்பக்கம் தண்ணீர் மாதிரி. பக்கவாட்டைக்கூட இழைத்துத் தேய்த்திருக்கிறார், அந்த எழுத்தை மட்டும் விட்டுவிட்டு. அதன் சுழிக்குள் இருந்த துருவை ஊசியால்தான் எடுத்திருக்க முடியும். நான் பொறித்தபோது இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது.

தங்கமணி அதை விரலால் தடவினாள்.

"இது என்னன்னு கேட்டார் அவர். எங்க வீட்டுக்காரர் பேரோட முதல் எழுத்துன்னேன். சொல்லிக் காட்டச் சொன்னார். நாலு தடவை ந்யா, ந்யான்னார். நாய் குரைச்சுது."

"அப்புறம்?"

"துரு எடுத்து வைக்கிறேன், வேணும்னா வந்து வாங்கிக்கச் சொல்லுன்னார். வீட்டு நம்பர்கூடச் சொன்னார்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா, வாங்கிட்டு வந்து மறுபடி கராஜ்லதானே போடுவீங்க?"

இரண்டு தெரு தள்ளி வீடு. தினமும் சாயங்காலம் நாயோடு எங்கள் வாசலைத் தாண்டித்தான் போவார். நின்று கை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன்.