கையில் துப்பாக்கி இல்லாத காவல்

இரண்டு நாட்களாக பிளாக் மாம்பா பெண்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில், குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய பலுலே சரணாலயத்தில் 2013-ல் உருவான, கள்ளவேட்டையைத் தடுக்கும் காவல் குழு அது. பெரும்பாலோர் சுற்றியுள்ள கிராமங்களின் இளம்பெண்கள். சிங்கமும் காட்டெருமையும் திரியும் காட்டில் மின்வேலி ஓரமாகக் கால்நடையாகவே ரோந்து போகிறார்கள். கையில் துப்பாக்கி கிடையாது!

அவர்கள் கண் தேடுவது காலடித் தடத்தை, அறுபட்ட வேலியை, முக்கியமாகச் சுருக்குக் கம்பியை. சாதாரணக் கம்பிதான். கள்ளவேட்டைக்காரர்கள் அதை விலங்கு நடக்கும் தடத்தில், அதன் கழுத்து உயரத்துக்கு வளையமாக்கி, மறுமுனையை மரத்தில் கட்டிவிடுகிறார்கள். மான் தலையை நுழைத்துவிட்டால் போதும், திமிறத் திமிற இறுகும். உடனே உயிர் போகாது, அதுதான் கொடுமை. மானுக்கு வைத்த கண்ணியில் காட்டுநாயும் சிறுத்தையும்கூட மாட்டிக்கொள்ளும். புல்லோடு புல்லாகக் கிடக்கும் அந்தக் கம்பியைக் கண்டுபிடித்து அவிழ்த்தெடுக்க எவ்வளவு கூர்மையான பார்வை வேண்டும்!

காண்டாமிருகத்தையோ கொம்புக்காகவே கொல்கிறார்கள். அந்தக் கொம்பும் நம் நகமும் ஒரே கெரட்டின் என்ற புரதம்தான். அதற்காகவா இத்தனை ரத்தம் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

2015-ல் ஐ.நா.வின் 'சாம்பியன்ஸ் ஆஃப் தி எர்த்' விருது இவர்களுக்குக் கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் என்னை அதிகம் நெகிழவைத்தது வேறொன்று: 'புஷ் பேபீஸ்' என்ற திட்டத்தின் வழியாக உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டைப் பற்றிப் பாடம் நடக்கிறது. வேலிக்கு வெளியே வளரும் அந்தப் பிள்ளைகளில் பலர், காண்டாமிருகத்தை நேரில் பார்த்ததே இல்லையாம்.