பாதி மாத்திரை

அண்ணனுக்கு ராத்திரி ஒலான்சபின் (மனநோய்க்கான மாத்திரை) 10 மி.கி. போட்டா விடிஞ்சும் எழுந்திரிக்க மாட்டான். தொப்பை வேற. 'புள்ள இப்படிக் கெடக்கானே'ன்னு அம்மா காய்கறிக் கத்தியால மாத்திரையைப் பாதியாக்கிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லல.

முதல் மாசம் ஆள் நல்லாத் தெளிவா இருந்தான். ஏமாத்துறதே அதுதான். இந்த மருந்தைக் குறைச்சா பெரும்பாலும் மறுநாளே எதுவும் தெரியாது; வாரக்கணக்குல, சில பேருக்கு மாசக்கணக்குல கழிச்சுத்தான் நோய் தலைகாட்டும். அதுக்குள்ள 'மருந்தே வேண்டாம் போல'ன்னு நமக்கே தோணிடும்.

முதல்ல போனது தூக்கம். அப்புறம் ஒருநாள் டிவி மேல துண்டைப் போட்டு மூடியிருந்தான். 'நியூஸ் வாசிக்கிறவன் என்னையே பாக்குறான்டா.'

டாக்டர் திட்டல. எடை, அசதி எல்லாம் நிஜமான தொந்தரவுதான், சொல்லியிருந்தா மருந்தை மாத்திப் பாத்திருக்கலாமேன்னார். குறைக்கறதா இருந்தாலும் அவர் கண்ணு முன்னாடி, கொஞ்சம் கொஞ்சமா. (க்ளோசபின்னு இதே வகையில இன்னொரு மருந்து போடறவங்க இன்னும் உஷாரா இருக்கணும்: 2 நாளுக்கு மேல விட்டுப்போச்சுன்னா பழைய அளவை நாமளா போடக் கூடாது. டாக்டர் 12.5 மி.கி.யிலிருந்து திரும்ப ஏத்துவார்.)

மிச்சப் பாதிகளை அம்மா தூக்கிப் போடக்கூட இல்ல. அஞ்சறைப் பெட்டியில, வெந்தயத்துக்குப் பக்கத்துல, காகிதத்துல மடிச்சு வச்சிருந்தாங்க.