வன்னியில் வார்டனாக இருப்பது

வெளிநாடுகளில் இருக்கும் கனடியர்களுக்கு ஆபத்து நேரத்தில் தகவல் கொண்டுபோய்ச் சேர்க்க, கனடிய அரசு பல நாடுகளில் தொண்டர்களை வைத்திருக்கிறது. வார்டன் என்பார்கள். சம்பளமும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஸ்காபரோவில் முதியோர் இல்லமொன்றில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு முரசுமோட்டைக்குத் திரும்பி வந்த நான், கிளிநொச்சிப் பக்கத்துக்கு அந்தப் பொறுப்பை எடுத்திருக்கிறேன். எப்படிச் சேர்ந்தாய், என்ன வேலை என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2018 மார்கழியில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகளைத் திறந்தபோது நான் கனடாவில் நின்றேன். கண்டாவளைப் பக்கம் முழுக்க வெள்ளம். ஊருக்குப் போயிருந்த பெரியப்பாவின் ரெலிபோன் வேலை செய்யவில்லை. அவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார் என்று சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. கடைசியில் அவர் சுகமாகத்தான் இருந்தார். ஆனாலும் அந்தத் தவிப்பு எனக்குள் தங்கிவிட்டது.

வந்து குடியேறியதும் முதலில் வெளிநாட்டில் வாழும் கனடியர்களுக்கான பதிவில் என் பெயரைச் சேர்த்தேன். அது இலவசம், கட்டாயமும் இல்லை. பிறகு கொழும்பிலுள்ள கனடிய உயர்ஸ்தானிகராலயத்துக்கு, அதாவது தூதரகத்துக்கு, தொண்டராக உதவ விருப்பம் என்று எழுதினேன். பதில் வரச் சுணங்கியது. வந்த பிறகு ஒரு அதிகாரி ரெலிபோனில் நீண்ட நேரம் கதைத்தார். நிரந்தரமாக இங்கே இருப்பீர்களா, விதானையாரை, அதாவது கிராம அலுவலரைத் தெரியுமா, மழைக்காலத்தில் எந்த றோட்டு முதலில் மூடும் என்றெல்லாம் கேட்டார். ஆளைக் காப்பாற்ற வெள்ளத்துக்குள் இறங்குவீர்களா என்றும் கேட்டார். மாட்டேன் என்றேன். அதைத்தான் அவரும் எதிர்பார்த்தார். வார்டன் மீட்புப்படை இல்லை. தகவலைக் கொண்டுபோகவேண்டும், கொண்டுவரவேண்டும், தன் உயிரைப் பணயம் வைக்கக்கூடாது. மற்றவர்களின் விபரங்களை வெளியில் விடமாட்டேன் என்று கையெழுத்திட்டதோடு அந்தப் பக்கத்து வேலை முடிந்தது.

உண்மையான வேலை ஊருக்குள்தான் இருந்தது. இங்கே ஒருவரிடம் போய் "உங்கட பேரைப் பதியுங்கோ" என்று சொல்வது லேசான காரியமில்லை. 2009இல் போரின் கடைசியில் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியேறி, முகாமில் வரிசையில் நின்று திரும்பத் திரும்பப் பெயர் கொடுத்த சனம் இது. ஒரு ஐயா சொன்னார்: "பிள்ளை, நான் இந்த வயசில இன்னொரு லிஸ்டில ஏறமாட்டன்." நான் வற்புறுத்தவில்லை. அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை மதியாதவருக்கு இந்தப் பொறுப்பு சரிவராது. ரொறன்ரோவில் இருக்கும் மகள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க, தானே பதியலாம், வேண்டாமென்றால் பிறகு எடுத்துவிடலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மாதங்கள் கழித்து அவரே கூப்பிட்டார். தூதரகத்தின் பட்டியல் என் கையில் இல்லை. விரும்பியவர்கள் தாங்களாகத் தந்த எண்கள் மட்டும்தான் என்னிடம் இருக்கின்றன. அப்படி இருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

இன்னொரு பக்கம், அளவுக்கு மீறிய நம்பிக்கை. 2006இல் லெபனானில் போர் நடந்தபோது கனடா ஏறத்தாழ 15,000 பேரை வெளியேற்றியது. அதைக் கேள்விப்பட்டவர்கள், இரணைமடு வான் பாய்ந்தால் தங்களுக்கும் ஹெலி வரும் என்று நினைக்கிறார்கள். வராது. அதோடு இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களை இலங்கை தன் பிரஜையாகத்தான் பார்க்கும். தூதரகம் செய்யக்கூடியது அப்போது இன்னும் குறையும். இதை முகத்துக்கு நேரே சொல்லத்தான் வேண்டும். வெள்ளத்தில் முதலில் கை கொடுப்பது பக்கத்து வீடு, பிறகு விதானையார், பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையம். அவர்களின் அவசர இலக்கம் 117.

அதனால் கனடியர்களுக்கென்று தனியாக ஒரு ஏற்பாடு செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஒழுங்கையில் தண்ணி ஏறும்போது பாஸ்போட் பார்த்து ஒரு வீட்டுக்கு மட்டும் செய்தி சொல்வது எப்படி? பிரதேச செயலகத்தில் கதைத்து, கிராம அனர்த்தக் குழுவோடு சேர்ந்துகொண்டேன். எனக்கு வரும் எச்சரிக்கை ஒழுங்கை முழுவதற்கும் போகும். விதானையாருக்குத் தெரிந்தது எனக்கும் வரும்.

விலாசம் பெரிய பிரச்சினை. "கோயிலுக்குப் பின்னால, வாய்க்கால் தாண்டி மூண்டாவது வளவு" என்பதைக் கொழும்பில் இருப்பவர் என்ன செய்வார்? ஒவ்வொரு வீட்டுக்கும் கிராம அலுவலர் பிரிவையும் வரைபடப் புள்ளியையும் எடுத்து வைத்தேன். யாருக்கு இன்சுலின், யாருக்கு நடக்க ஏலாது, கனடாவில் எந்தப் பிள்ளைக்கு அறிவிக்கவேண்டும் என்பதையும் குறித்தேன். கடதாசியில்தான். கறண்ட் போனால் கைபேசி எத்தனை மணிக்கு நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

2025 கார்த்திகைக் கடைசியில் டித்வா புயல் வந்தபோது அந்தக் கடதாசிதான் உதவியது. அழைப்பு எடுபடாத நேரத்திலும் குறுஞ்செய்தி சில வேளை போய்ச் சேர்ந்தது. "சுகம், பள்ளிக்கூடத்தில்" என்று இரண்டு சொல். போகாத வீடுகளுக்கு, தண்ணி ஏறாத பக்கத்தில் சைக்கிளில் ஒரு தம்பி போய்வந்தான். நான் அந்தச் செய்திகளைச் சேர்த்துக் கொழும்புக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பினேன். தண்ணி வடிந்த பிறகும் வேலை இருந்தது. வெள்ளம் பழைய மிதிவெடிகளைப் புரட்டிக்கொண்டு வரக்கூடும். தெரியாத வளவுக்குள் கால் வைக்கவேண்டாம் என்று, இந்த மண்ணை மறந்துபோன பிள்ளைகளோடு வந்திருந்தவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

முல்லைத்தீவுக் கரைப்பக்கத்துக்கு இன்னும் ஆள் இல்லை. அங்கே நிரந்தரமாக இருக்கிற, விதானையாரோடு பழக்கமுள்ள யாராவது கொழும்புக்கு எழுதுங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருகிறவர்கள் விமானம் ஏறமுன்னரே பதிந்துவிடுங்கள். ஊரில் வாங்கும் சிம் இலக்கத்தைப் பிறகு அதில் சேர்க்க மறக்கவேண்டாம்; கனடா இலக்கம் இங்கே பெரும்பாலும் நிறுத்தித்தான் கிடக்கும்.