நோயாளர் பதிவுகள் கிளவுட்டில்: சாவிக்காக மினக்கெட்ட கதை

கொழும்பில் ஒரு நடுத்தரத் தனியார் வைத்தியசாலையின் பதிவுகளை அமேசன் கிளவுட்டுக்கு மாற்றி முடித்தாயிற்று. அமேசனுக்கு இலங்கையில் ரீஜன் (தரவு மையத் தொகுதி) இல்லை, அதனால் மும்பை. தரவை ஏற்றுவதற்குப் பொறுமை போதும். 4 டெராபைட் ஸ்கேன் படங்கள், 50 மெகாபிட் அப்லோட், இரவு 10 முதல் காலை 6 வரை மட்டும் என்று வைத்தால் கணக்கில் 22 இரவு, எடுத்தது 26. தலையிடி எல்லாம் வேறு இடத்தில்.

மென்பொருள் தந்த கம்பனியே கிளவுட் கணக்கையும் திறந்திருந்தது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கு அவர்களின் ஊழியர் ஒருவருடைய மின்னஞ்சலில், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அவருடைய போனில். ஆளோ வேலையை விட்டுப் போய்விட்டார். பில் கட்டுவது நாங்கள், சாவி கம்பனிக்காரரின் சட்டைப்பையில். "எல்லாம் சேஃப்தான் சேர்" என்ற ஒரு வரிப் பதிலுக்கே மூன்று தடவை அலைச்சல். கணக்கு கைக்கு வர ஐந்து கிழமை. ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: ரூட் மின்னஞ்சல் வைத்தியசாலை டொமைனில், தனி ஆள் பெயர் இல்லாத முகவரியாக இருக்க வேண்டும். ரூட்டுக்கு 8 சரிபார்ப்புச் சாதனங்கள் வரை பதியலாம். யூஎஸ்பி சாவி இரண்டு வாங்கி, ஒன்றைப் பெட்டகத்திலும் மற்றதை வேறு கட்டடத்திலும் வையுங்கள்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டபோதெல்லாம் கம்பனிக்காரர் ஐஎஸ்ஓ 27001 என்ற தகவல் பாதுகாப்புச் சான்றிதழை நீட்டினார்கள். அது அமேசனின் சான்றிதழ். கட்டடமும் வன்பொருளும் அமேசனின் பாடு. யாருக்கு அனுமதி, எதற்கு என்கிரிப்ஷன் (தரவைச் சாவியால் பூட்டுவது), பேக்கப் எங்கே என்பதெல்லாம் நம் பாடு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தரவு விசேட வகை. கம்பனியைக் கைகாட்டிவிட்டு வைத்தியசாலை விலகிக்கொள்ள முடியாது.

பேக்கப்பில்தான் அதிகம் அடிபட்டோம். 2023 ஆகஸ்டில் அரச கிளவுட், தரவைப் பூட்டிக் கப்பம் கேட்கும் ரான்சம்வேரில் மாட்டி, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் தொலைந்தது நினைவிருக்கும். அதனால் பேக்கப்பை வேறொரு தனிக் கணக்கில் வைக்கச் சொன்னோம். டேட்டாபேஸ் ஸ்னாப்ஷொட்டை (அந்த நேரத்து முழுப் பிரதியை) அந்தக் கணக்குடன் பகிரப் போனால் பிழை. காரணம், அமேசன் தானாகத் தரும் இயல்புச் சாவியால் பூட்டிய ஸ்னாப்ஷொட்டை வேறு கணக்குடன் பகிரவே முடியாது. அமேசனின் சாவி நிர்வாகச் சேவையான கேஎம்எஸ்ஸில் நாமே உருவாக்கிய சாவி வேண்டும். அதன் பொலிசியில் (யார் பயன்படுத்தலாம் என்ற விதியில்) இரண்டாவது கணக்கின் இலக்கத்தைச் சேர்த்து, அந்தச் சாவியால் ஸ்னாப்ஷொட்டை மறுபடி கொப்பி எடுத்து, பிறகு பகிர வேண்டும். இரண்டாவது கணக்கில் இன்னொரு கொப்பி, அதற்கு அந்தக் கணக்கின் சொந்தச் சாவி. இந்தக் கடைசிப் படியை விட்டால் முதல் கணக்கில் யாராவது சாவியை அழிக்கும் நாளில் பேக்கப்பும் சேர்ந்தே போகும். அழிக்கும் கட்டளைக்குக் காத்திருப்பு 7 முதல் 30 நாள். 30 வைத்து, அந்தக் கட்டளை வந்தவுடன் போனுக்கு எச்சரிக்கை வரச் செய்யுங்கள்.

ஒருவழியாக மீட்டுப் பார்த்தோம். நோயாளரின் பெயர் வந்தது, வயது வந்தது. ஸ்கேனைக் கிளிக் செய்தால் வெறும் சாம்பல் கட்டம். டேட்டாபேஸில் இருந்தது படத்தின் பாதை மட்டும்தான். படங்கள் எஸ்3 பக்கெட்டில் (அமேசனின் கோப்புக் களஞ்சியத்தில்), அதற்கோ பேக்கப்பே இல்லை. இதற்குப் பிறகுதான் பக்கெட்டுக்கு வெர்ஷனிங் (பழைய பிரதிகளையும் வைத்திருப்பது), ஒப்ஜெக்ட் லொக் (தவணைவரை கோப்பை அழிக்கவிடாத பூட்டு), இரண்டாவது கணக்கில் கொப்பி எல்லாம் வந்தன. ஒப்ஜெக்ட் லொக்கின் கொம்ப்ளயன்ஸ் முறையில் கவனம்: தவணை முடியும்வரை ரூட்டாலும் கோப்பை அழிக்க முடியாது. முதலில் 1 நாள் போட்டுப் பாருங்கள். கைதவறி 3650 போட்டால் பத்து வருடம் வாடகை.

ஸ்கேன் மெஷின் இன்னொரு சில்லெடுப்பு. 104ஆம் போர்ட்டில் டைகொம் (மருத்துவப் படங்களுக்கான வடிவம்) படத்தைப் பூட்டில்லாமல் அனுப்பத்தான் அதற்குத் தெரியும். அதை நேரே இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடலாம் என்றார் கம்பனியின் தொழில்நுட்பவியலாளர். நல்லவேளை ஃபயர்வோல் எங்கள் கையில். மெஷினைத் தனி விலானில் (பிரித்த உள் வலையமைப்பில்) அடைத்து, பக்கத்தில் ஒரு சின்னக் கேட்வே கொம்பியூட்டர் வைத்தோம். படத்தை அது உள்ளே வாங்கி, டிஎல்எஸ் என்ற பூட்டிய இணைப்பு வழியாக வெளியே அனுப்புகிறது.

யார் என்ன செய்தார் என்ற பதிவேடு விஷயத்தில் சில எச்சரிக்கை. அமேசனின் பதிவேடான கிளவுட்டிரெய்ல் தானாகக் காட்டுவது 90 நாள் மட்டுமே. பக்கெட்டில் எந்தப் படத்தை யார் திறந்தார் என்பது அதில் இராது, அதற்கு டேட்டா ஈவென்ட்ஸ் என்ற பதிவைத் தனியாக இயக்க வேண்டும். நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வரும்: 03:40 என்றால் இங்கே காலை 9.10, நடுச்சாமத்தில் திருடன் என்று பதற வேண்டாம்.

அப்படித் தேடிப் போனபோது எல்லாப் பதிவிலும் ஒரே பெயர்: ரிசப்ஷன்1. கவுண்டரில் நான்கு பேருக்கு ஒரே பாஸ்வேர்ட், அதுவும் மொனிட்டரில் ஒட்டியபடி. ஆளுக்கொரு லொகின் கொடுத்ததும் வரிசை நகரவில்லை என்று சண்டை. அட்டையைத் தட்டி உள்ளே போகும் ரீடர் பொருத்திய பிறகுதான் அடங்கியது. டொக்டர்மார் எக்ஸ்ரேயைப் போனில் படம் பிடித்து, மூலையில் நோயாளரின் பெயருடன் வட்ஸ்அப்பில் அனுப்புவதை மட்டும் இன்னும் நிறுத்த முடியவில்லை.