மாங்குளத்துக் கணினியில் பென் டிரைவ்: ரூட் கடவுச்சொல் கேட்காமல்

எங்கள் சனசமூக நிலையத்துக் கணினிக்கு டெபியன் லினக்ஸ் போட்டாயிற்று. மாங்குளத்துப் பிள்ளைகள் பின்னேரம் வந்து கடந்தகால வினாத்தாள்களைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பழைய இயந்திரம் என்பதால் ஓப்பன்பாக்ஸ் என்ற இலேசான சாளர மேலாளர் மட்டும்தான். டிரைவைச் செருகினால் தானாக ஒன்றும் திறக்காது. டிரைவைக் கணினியோடு இணைத்துத் திறக்கும் மவுண்ட் கட்டளையோ, முழு அதிகாரமுள்ள ரூட் கணக்குக்கு மட்டும்தான் மசியும். தன் கையில் இருக்கிற டிரைவைத் திறக்க ஒரு பிள்ளை நிர்வாகியைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதுதான் என் பிடிவாதம்.

முதலில், எந்த டிரைவை எங்கே எப்படித் திறப்பது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன்: நோஆட்டோ (தானாகத் திறக்காதே), யூசர் (சாதாரணப் பாவனையாளரும் திறக்கலாம்). 'யூசர்' போட்டால் மவுண்ட் செய்தவர்தான் கழற்றலாம். 'யூசர்ஸ்' என்றால் யாரும் கழற்றலாம், பொதுக் கணினிக்கு அதுவே வசதி. இரண்டிலுமே நோஎக்ஸெக் (டிரைவிலுள்ள நிரலை இயக்காதே), நோசூயிட் (செட்யூஐடி குறியை மதிக்காதே), நோடெவ் (சாதனக் கோப்புகளை ஏற்காதே) மூன்றும் கூடவே வந்துவிடுகின்றன. இதில் நோசூயிட் மிக முக்கியம். செட்யூஐடி குறி உள்ள நிரல், யார் இயக்கினாலும் அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். தன் வீட்டுக் கணினியில் ரூட்டாக இருக்கும் ஒருவர், எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்புமுறை உள்ள டிரைவில், செட்யூஐடி குறி வைத்த ஷெல் (கட்டளைகளை ஏற்கும் நிரல்) ஒன்றைப் போட்டுக் கொண்டுவரலாம். தடை இல்லாவிட்டால் அதை இயக்கி இங்கேயும் ரூட் ஆகிவிடுவார்.

ஆனால் அந்த வரி, கணினி டிரைவுக்குக் கொடுக்கும் எஸ்டிபி1 என்ற பெயரோடு கட்டுப்பட்டது. கார்டு ரீடர் ஏற்கெனவே செருகியிருந்தால் அதே டிரைவ் எஸ்டிசி1 ஆகிவிடும். பெயருக்குப் பதில் ஒவ்வொரு டிரைவுக்கும் உரிய தனி அடையாள எண்ணான யூயூஐடி எழுதலாம், சொந்த டிரைவ் என்றால் சரி, ஊரிலுள்ள டிரைவுக்கெல்லாம் எழுதி முடியுமா?

அப்புறம்தான் டிரைவுகளைக் கவனிக்கும் பின்னணிச் சேவையான யூடிஸ்க்ஸ்2. திரைக்கு முன்னால் இருந்து உள்நுழைந்தவரை, யாருக்கு எந்த அனுமதி என்று தீர்மானிக்கும் போல்கிட், கடவுச்சொல் கேட்காமலே அனுமதிக்கிறது. மீடியா அடைவுக்குள் பாவனையாளர் பெயரில் டிரைவ் திறக்கிறது. பென் டிரைவுகளில் வழக்கமாக இருக்கும் ஃபேட் கோப்புமுறையில் உரிமையாளர் என்ற ஒன்றே இல்லாததால், மவுண்ட் செய்தவரையே உரிமையாளராக்கிவிடுகிறது. தானாகத் திறக்க, யூடிஸ்கி என்ற சிறு நிரலை ஓப்பன்பாக்ஸ் தொடங்கும்போதே ஓடும்படி அதன் ஆட்டோஸ்டார்ட் கோப்பில் சேர்த்தேன். வேறு கணினியிலிருந்து வலையமைப்பில் எஸ்எஸ்எச் வழியாக வந்தால் மட்டும் நிர்வாகி கடவுச்சொல் கேட்கும். அதை அப்படியே விட்டுவிட்டேன். டிரைவைச் செருகியவர் கணினிக்குப் பக்கத்தில்தானே இருப்பார்.

கழற்றுவதற்கு இன்னும் கவனம் வேண்டியிருந்தது. பிரதி எடுத்து முடிந்தது என்று திரை சொன்னாலும் தரவின் ஒரு பகுதி நினைவகத்திலேயே இருக்கக்கூடும். அதனால், மீதியையும் எழுதிவிட்டு டிரைவை விடுவிக்கும் அன்மவுண்ட் கட்டளையை ஒரு விசையில் கட்டினேன். இப்போது "அண்ணா, கழட்டட்டோ?" என்று கேட்பதில்லை, விசையை அழுத்தி, அறிவிப்பு வந்த பிறகு தாங்களே எடுக்கிறார்கள்.

என் மடிக்கணினியில் லினக்ஸ் அல்ல, யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த ஃப்ரீபிஎஸ்டி. அங்கே விஎஃப்எஸ்.யூசர்மவுண்ட் என்ற அமைப்பின் மதிப்பை 1 ஆக்கி, மவுண்ட் செய்யும் அடைவு தனக்கே சொந்தமாக இருந்து, டிரைவைக் குறிக்கும் சாதனக் கோப்புக்கு டெவ்எஃப்எஸ் (சாதனக் கோப்புகளை நிர்வகிப்பது) விதியில் அனுமதியும் கொடுத்தால் போதும். அதன் உறவான ஓப்பன்பிஎஸ்டி இந்த வசதியை 2016இல் 6.0 பதிப்பிலேயே நீக்கிவிட்டது. அங்கு, குறித்த கட்டளையை மட்டும் ரூட்டாக இயக்க அனுமதிக்கும் டூஆஸ்தான் வழி.

இனி விண்டோஸின் கோப்புமுறையான என்டிஎஃப்எஸ் உள்ள டிரைவுகள். விண்டோஸிலிருந்து முறையாகக் கழற்றாமல் வருபவை சில வேளை எழுத விடுவதில்லை. அடுத்து அதைத்தான் பார்க்க வேண்டும்.