எல்எஸ்3 கமேரோவுக்கு வீட்டிலேயே சூப்பர்சார்ஜர்: மேலே உட்கார வைக்கும் முன் முடிக்க வேண்டியவை

இந்த வேலையில், இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் சூப்பர்சார்ஜரைத் தூக்கி வைத்துப் பூட்டுவதுதான் லேசான பகுதி. பத்து போல்ட், ஒரு பெல்ட், அவ்வளவே. ஆனால் இன்ஜினின் இரண்டு ஹெட்டுக்கும் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகங்கள்) நடுவில் அது உட்கார்ந்துவிட்டால், அதன்பின் கீழே கை போகாது. அதனால் கீழே இருப்பதை எல்லாம் முதலில் முடிக்கும்படிதான் வேலையின் வரிசையையே அமைத்துக்கொண்டேன்.

வண்டி 2010 முதல் 2015 வரை வந்த செவர்லே கமேரோ எஸ்எஸ், மேனுவல் கியர், 6.2 லிட்டர் எல்எஸ்3 இன்ஜின். அதே வண்டி ஆட்டோமேட்டிக்கில் எல்99 இன்ஜினோடு வந்தது. அதில் சிலிண்டர்களை அணைக்கும் ஏற்பாடு உண்டு, சுருக்க விகிதமும் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) வேறு. இங்கே சொல்லும் எண்களை அதற்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சூப்பர்சார்ஜர் 2.3 லிட்டர், ஈட்டன் நிறுவனத்தின் டிவிஎஸ் ரகம்: முன்னால் த்ராட்டில் பாடி (காற்றின் வாசல்), உள்ளேயே காற்றை ஆற்ற, தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர், 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அளவுக்கு பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் கூடுதல் அழுத்தம்.

கிட் வாங்கும் முன்பே கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எழும் அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துச் சுழற்ற வேண்டும். எட்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால்தான் மேலே போவேன். எல்எஸ்3 பிஸ்டன் வார்ப்பு ரகம், சுருக்க விகிதம் 10.7. நாக்கிங் (கலவை நேரந்தப்பித் தானாக வெடிப்பது) வந்தால் முதலில் உடைவது பிஸ்டன் ரிங்குகளுக்கு இடையே உள்ள மெல்லிய திட்டுதான். ஏற்கெனவே தளர்ந்த இன்ஜினில் பூஸ்ட் ஏற்றுவது அந்த உடைப்பைச் சீக்கிரம் வரவழைக்கும்.

அடுத்தது கிராங்க் பாலன்சர், அதாவது கிராங்க் தண்டின் முன்முனையில் பெல்ட்டைச் சுற்றும் கனமான சக்கரம். எல்எஸ்3 இன்ஜினில் பாலன்சருக்கு கீ (வழுக்காமல் நிறுத்தும் ஆப்பு) கிடையாது. அழுத்தி ஏற்றிய இறுக்கமும், போல்ட்டின் பிடியும்தான் அதை நிறுத்தி வைக்கின்றன. சூப்பர்சார்ஜரைச் சுற்றும் பெல்ட் அதை இழுக்கும் இழுப்பில், குறிப்பாக கியர் மாற்றும்போது வரும் அதிர்ச்சியில், பாலன்சர் கிராங்க்மேல் வழுக்கிச் சுழலலாம். அதைத் தடுக்கத்தான் ஒரு சிறு எஃகுப் பின் அடிப்பது. ரேடியேட்டர் விசிறிகளைக் கழற்றி இடம் செய்துகொண்டு, ஸ்டார்ட்டரை இறக்கி ஃப்ளைவீலைப் பூட்டி, கிராங்க் போல்ட்டை எடுக்க வேண்டும். அந்தத் துளையில் வழிகாட்டியைப் பொருத்தி, பாலன்சரும் கிராங்க்கும் சேரும் கோட்டின் மேலேயே துளை போட வேண்டும்: பாதி கிராங்க்கில், பாதி பாலன்சரில். டிரில் பிட்டில் ஆழத்துக்கு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். வேகம் குறைவாக, வெட்டெண்ணெய் நிறைய, அடிக்கடி வெளியே எடுத்துச் சீவலைத் துடைத்துவிட்டு மறுபடி உள்ளே. கடைசி அளவுக்கு ரீமரை (துளையைச் சரியான அளவுக்குச் செதுக்கும் கருவி) ஓட்டிவிட்டுப் பின்னைத் தட்டி இறக்கினால், போல்ட்டின் தலை அதை மூடிக்கொள்ளும்.

கழற்றிய போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது. அது நீண்டு இறுகும் ரகம், ஒருமுறைதான். புதுப் போல்ட்டுக்கு 50 நியூட்டன் மீட்டர், அதன்மேல் 140 டிகிரி. 140 டிகிரியைக் கண்ணால் அளக்க முடியாது, கோண அளவி வேண்டும். பாலன்சரையே கழற்றி மாற்றியிருந்தால், முதலில் பழைய போல்ட்டை 330 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி அதை முழுக்க உட்கார வைத்துவிட்டு, பிறகு புதுப் போல்ட்.

இனி, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் பழைய இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றுவது. ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டால் ரயிலில் (பெட்ரோலைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாய்) இருக்கும் அழுத்தம் இறங்கும். பிறகு பேட்டரியைத் துண்டித்து, லைனை அதற்கான கருவியால் பிரிக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உள்ளே இருக்கும் கிளிப் போய்விடும். மேனிஃபோல்டு வெளியே வந்த கணத்தில் ஹெட்டில் உள்ள எட்டு போர்ட்டையும் (காற்று நுழையும் வழிகள்) டேப்பால் மூடிவிடுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் ஹெட்டைக் கழற்ற நேரிடலாம்.

ஹெட்டின் கேஸ்கெட் முகத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியும் கரைப்பானும் கொண்டே சுத்தம் செய்ய வேண்டும். ஏர் டூலில் மாட்டும் தேய்ப்பு வட்டுகளை இங்கே கொண்டுவரவே கூடாது. அதிலிருந்து உதிரும் தூள் எண்ணெயோடு போய் பேரிங்கைத் தின்றுவிடும், அதுவும் பல நூறு கிலோமீட்டர் கழித்துத்தான் தெரியும்.

நடுவில் தெரிகிற வேலி கவரின் (இரண்டு ஹெட்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தை மூடும் தகடு) பின்முனையில் ஆயில் பிரஷர் சென்சார் இருக்கிறது. அடிக்கடி போகும் உறுப்பு. இப்போது சில நிமிட வேலை, பிறகு சூப்பர்சார்ஜரையே இறக்க வேண்டிய வேலை. பழையது நன்றாக ஓடினாலும் மாற்றிவிடுங்கள். ஹெட்டுகளின் முன்பக்கம் நீராவி போகும் சிறு குழாய் குறுக்கே ஓடுகிறது. அது சூப்பர்சார்ஜர் அடிப்பாகத்தில் இடிக்கிறதா என்று கேஸ்கெட் போடாமல் ஒருமுறை வெறுமனே இறக்கிப் பார்த்துக்கொள்வது நல்லது. கிட்டோடு மாற்றுக் குழாய் வந்தால் அதைத்தான் போட வேண்டும்.

பிளக்கும் இதே நேரத்தில். வெப்ப எண் ஒரு படி குளிர்ந்ததாக எடுத்து, இடைவெளியை 0.8 மில்லிமீட்டருக்குக் குறைத்தேன். கம்பெனி அளவு 1.0. பூஸ்ட் ஏறும்போது சிலிண்டருக்குள் காற்று அடர்த்தியாகிறது, பொறி அதைத் தாண்டக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். இடைவெளி பெரிதாக இருந்தால் உச்ச வேகத்தில் மிஸ்ஃபயர் வரும், அதை எரிபொருள் குறை என்று தவறாக எண்ணி அலைய நேரிடும். பிளக்குக்கு 15 நியூட்டன் மீட்டர், இன்ஜின் ஆறியிருக்கும்போது.

பழைய இன்ஜெக்டரே (பெட்ரோலைத் தெளிக்கும் முனை) போதும் என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 426 குதிரைத்திறன் இன்ஜின் 570 வரை ஏறுகிறது என்று வைப்போம். பூஸ்ட் இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் வேண்டும். மொத்தம் 342, எட்டால் வகுத்தால் 43. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக்கூடாது என்பதால் மணிக்கு 50 பவுண்டு பாயும் இன்ஜெக்டராவது தேவை. கம்பெனி இன்ஜெக்டர் 58 பிஎஸ்ஐ அழுத்தத்தில் சுமார் 42 மட்டுமே. அதிலும் மேனிஃபோல்டில் 7 பிஎஸ்ஐ எதிர்த்துத் தள்ளும்போது இன்ஜெக்டருக்குக் கிடைக்கும் உண்மையான அழுத்தம் 51தான், பாய்ச்சல் 39 பக்கம் இறங்கிவிடும். ஆகவே இன்ஜெக்டர் மாறியே ஆக வேண்டும், பம்ப்பின் வலுவையும் அதே கணக்கில் பார்க்க வேண்டும். ஓரிங்குகளில் சுத்தமான இன்ஜின் ஆயில் ஒரு துளி தடவி, நேராக அழுத்தி உட்கார வையுங்கள். சாய்ந்து போனால் ஓரிங் அறுபட்டு ரயிலில் கசியும்.

மேலே தூக்கி வைக்கும் முன் பின்பக்க ஹோஸ்களையும் வயர்களையும் மாட்டிவிடுங்கள். பிரேக் பூஸ்டரின் வேக்யூம், பிசிவி (கிராங்க்கேஸ் வாயுவை உறிஞ்சும் குழாய்), பெட்ரோல் ஆவி லைன் இவை மூன்றும் த்ராட்டிலுக்கும் ரோட்டருக்கும் (சூப்பர்சார்ஜருக்குள் சுழன்று காற்றைத் தள்ளும் உருளை) நடுவில் உள்ள அறையோடுதான் சேர வேண்டும். அங்கே பூஸ்ட் வருவதில்லை. ரோட்டருக்குப் பின்னால் இணைத்தால் பூஸ்ட் நேராக கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளும். காற்றை அமுக்காமல் திருப்பி விடும் பைபாஸ் வால்வின் ஹோஸும் முக்கியம். ஐடிலில் அதன் கை இழுபட்டு வால்வு திறந்திருக்க வேண்டும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் மூட வேண்டும். கையால் இயக்கும் வேக்யூம் பம்ப்பை வைத்து மேசையிலேயே சோதித்துவிடலாம். ஐடிலில் மூடியே இருந்தால் காற்று வீணாகச் சூடாகிக்கொண்டே இருக்கும். எப்போதும் திறந்தே இருந்தால் பூஸ்டே வராது.

மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரும் மாற வேண்டும். பழையது 1 பார் ரகம், வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாண்டி அதற்குப் படிக்கத் தெரியாது.

இறக்குவதற்கு இரண்டு பேராவது வேண்டும், அல்லது ஹாய்ஸ்ட். தலை அறுத்த நீள போல்ட் இரண்டை வழிகாட்டியாக நிறுத்தினால் கேஸ்கெட் நகராது. போல்ட்களை நடுவிலிருந்து வெளியே, முதல் சுற்று 5 நியூட்டன் மீட்டர், அடுத்தது 10. பெரிய டார்க் ரெஞ்ச் இந்த அளவில் நம்பத்தக்கதல்ல, சிறியது தனியாக வேண்டும்.

வெப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். 7 பிஎஸ்ஐ என்றால் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1.48 மடங்காகிறது. 30 டிகிரியில் உள்ளே போன காற்று 85 டிகிரி அளவில் வெளியே வரும். அதை இறக்குவது அந்தத் தண்ணீர்ச் சுற்று மட்டுமே. ரிசர்வாயர், பம்ப், முன்பக்க ஹீட் எக்ஸ்சேஞ்சர், இன்டர்கூலர், மறுபடி ரிசர்வாயர் என்பதுதான் ஓட்டத்தின் வரிசை. எக்ஸ்சேஞ்சரில் ஆறிய தண்ணீர் நேராக இன்டர்கூலருக்குப் போக வேண்டும் என்பதே காரணம். பம்ப்பைச் சுற்றின் மிகத் தாழ்ந்த இடத்தில் வையுங்கள், தானாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. நிரப்பிய பின் பம்ப்பை மட்டும் ஓடவிட்டு ரிசர்வாயரைப் பார்த்தால் தண்ணீர் சுழல்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். குமிழி நிற்கும்வரை விடாமல் செய்யுங்கள். வெப்பம் ஏறுகிறது என்ற புகார்களில் பெரும்பாலானவை உள்ளே சிக்கிய காற்றுதான் என்பது என் கணிப்பு.

பெல்ட் போடும் முன் புல்லிகளின் முகத்தில் நேர்கோல் வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் பெல்ட்டின் ஓரம் நார்நாராகப் பிரியும், கறுப்புத் தூள் தெறிக்கும். கூலன்ட் தெறித்த பெல்ட்டைத் துடைத்துப் போடாதீர்கள், வழுக்கிக்கொண்டே இருக்கும்.

பேஸ் டியூனை (புதுப் பாகங்களுக்கு ஏற்ற தொடக்க இன்ஜின் ப்ரோக்ராம்) ஏற்றாமல் சாவியைத் திருப்பவே கூடாது. இன்ஜெக்டர் மாறியது இசிஎம்முக்கு (இன்ஜின் கணினி) தெரியாவிட்டால் முதல் நிமிடத்திலேயே பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவும். சாவியை ஆன் மட்டும் செய்து பம்ப் ஓடும்போது எட்டு இன்ஜெக்டரையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு ஸ்டார்ட். ஐடிலில் ஃப்யூயல் ட்ரிம் (கணினி தானே செய்யும் எரிபொருள் திருத்தம்) பெரிய கூட்டலாக நின்றால் எங்கோ காற்று கசிகிறது. புகைச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

பூஸ்ட் ஏற்றுவது, காற்று எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரும் டேட்டா லாகும் இருந்தால் மட்டுமே. முழு த்ராட்டிலில் காற்று எரிபொருள் விகிதம் 11.5 முதல் 11.8க்குள் நிற்க வேண்டும். இக்னிஷன் டைமிங்கைத் தாழ்வாக வைத்துத் தொடங்கி, நாக் ரிடார்ட் (நாக்கிங் கண்டு கணினி டைமிங்கைப் பின்தள்ளும் அளவு) பூஜ்யமாக இருக்கும்போது மட்டும் ஒவ்வொரு டிகிரியாக ஏற்ற வேண்டும். 12ஐத் தாண்டி லீனாக (பெட்ரோல் குறைவாக) போவதைப் பார்த்தால் அந்தக் கணமே காலை எடுத்துவிடுங்கள், அந்த ஓட்டத்தை முடித்துப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். இன்டேக் காற்று 60 டிகிரியைத் தாண்டினால் நிறுத்தி ஆறவிட்டு அடுத்த ஓட்டம்.

சில நூறு கிலோமீட்டர் கழித்துப் பெல்ட்டின் இழுவை, கூலன்ட் மட்டம், ஹோஸ் கிளாம்ப்கள் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். பிளக்கையும் ஒன்றிரண்டு கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் கறுப்புப் புள்ளிகளோ பளபளக்கும் அலுமினியத் துகளோ இருந்தால் நாக்கிங் நடக்கிறது. டியூனைத் திருத்தும்வரை வண்டியைப் பூஸ்ட் ஏறாமல்தான் ஓட்ட வேண்டும்.