கையை இழுத்துக்கொண்டது

நவம்பர் 4, செவ்வாய்

இவளை உள்ளே அழைத்துப் போயிருக்கிறார்கள். கண்ணாடியும் கைக்கடிகாரமும் என் சட்டைப் பையில். படிவத்தில் ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. கணவர் என்று எழுதிவிட்டு ஒரு நிமிடம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று தூக்கம் பிடிக்காமல் ‘45 இயர்ஸ்’ படத்தை மறுபடி போட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

ஒரு வாக்கியம் ஞாபகம் வந்ததால்தான் படத்தைத் தேடினேன். அதை முதலில் எழுதிவைத்துவிடுகிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து இதைப் பார்த்தோம். முடிந்ததும் எதுவும் பேசாமல் விளக்கை அணைத்துப் படுத்தோம். ரொம்ப நேரம் கழித்து இருட்டுக்குள்ளிருந்து இவள் சொன்னாள்: “அவன் ஒரு பொய் சொல்லியிருந்தா அவ கையை இழுத்திருக்க மாட்டா.”

நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் கேட்கலாம் என்று நினைத்திருப்பேன். ஒன்பது வருடமாகக் கேட்கவில்லை.

அந்தக் கை கடைசிக் காட்சியில் வருகிறது. நாற்பத்தைந்தாவது திருமண நாள் விருந்து. கணவன் ஜெஃப் பேசுகிறான், பேச்சின் நடுவில் அழுகிறான், எல்லோரும் கை தட்டுகிறார்கள். கல்யாணத்தன்று ஆடிய அதே பாட்டுக்கு இருவரும் ஆடுகிறார்கள். பாட்டு முடியும்போது அவன் அவள் கையைப் பிடித்து மேலே தூக்குகிறான், ஏதோ ஜெயித்தவர்கள் மாதிரி. மனைவி கேட் தன் கையைக் கீழே இழுத்துக்கொள்கிறாள். அப்புறம் அவள் முகம் மட்டும். படம் முடிந்துவிடுகிறது.

இழுத்தாளா, கை தானாக இறங்கியதா? நேற்றும் இன்றுமாக எட்டு முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இழுத்தாள். சந்தேகமில்லை. ஆனால் எதிலிருந்து இழுத்தாள்? அவனிடமிருந்தா, அந்தக் கைதட்டலிலிருந்தா, நாற்பத்தைந்து வருடத்திலிருந்தா? இல்லை, அந்த ஒரு நொடியிலிருந்து மட்டும்தானா? ராத்திரி வீட்டுக்குப் போனதும் அவனுடைய மாத்திரையை எடுத்துக் கொடுத்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

ரிசல்ட் வர ஒரு வாரம் வரை ஆகலாமாம். எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகுக் கட்டிக்குள் பதித்து, தலைமுடியை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள் என்று அங்கிருந்த பையன் பொறுமையாக விளக்கினான். அதற்கும் ஸ்லைடு என்றுதான் பெயர்.

நவம்பர் 7, வெள்ளி

பரண் காட்சி.

திங்கட்கிழமை ஒரு கடிதம் வருகிறது. 1962-ல் ஸ்விட்சர்லாந்து மலையில் பனிப்பிளவுக்குள் விழுந்து செத்துப்போன காட்யாவின் உடல் தெரிகிறது, பனிக்குள் அப்படியே இருக்கிறது என்று. ஜெஃப்புக்கு கேட்டைத் தெரிவதற்கு முந்தைய காதல். கடிதம் ஏன் இவனுக்கு வந்தது என்றால், அப்போது இருவரும் கணவன் மனைவி என்று சொல்லிக்கொண்டு ஊர் சுற்றினார்கள். தங்க இடம் வேண்டுமே. அதனால் அங்கே உள்ளவர்கள் கணக்கில் இவன்தான் நெருங்கிய உறவு. இதை அவன் கேட்டிடம் சாதாரணமாகச் சொல்கிறான், முன்னாலேயே சொல்லியிருப்பேனே என்கிற தோரணையில். சொன்னதே இல்லை. மறந்துவிட்டானா, மறந்ததாகக் காட்டிக்கொள்கிறானா? ஜெஃப்பாக நடிக்கும் டாம் கோர்ட்னியின் முகத்தில் இரண்டுமே இருக்கிறது. படம் வந்த வருடம் பெர்லின் திரைப்பட விழாவில் நடிகர் பரிசு அவருக்கும் நடிகை பரிசு கேட்டாக நடித்த சார்லட் ராம்ப்ளிங்குக்கும் சேர்ந்து போனது. வேறு எப்படிப் பிரிப்பது?

ராத்திரி பரணில் அவன் உருட்டும் சத்தம். ஒருநாள் அவன் வெளியே போன நேரம் பார்த்து கேட் ஏணியில் ஏறுகிறாள். புரொஜெக்டரில் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறாள். க்ளிக். க்ளிக். பின்னணி இசை எதுவும் கிடையாது. மலை, பனி, காட்யா. ஒரு ஸ்லைடில் காட்யாவின் கை வயிற்றின் மேல் இருக்கிறது. வயிறு மேடாக இருக்கிறது.

கேட்டுக்கும் ஜெஃப்புக்கும் குழந்தை இல்லை. ஏன் என்று படம் சொல்வதில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தார்களா, முடியவில்லையா, அவன்தான் வேண்டாம் என்றானா, எதுவும் இல்லை. அந்த ஸ்லைடுக்குப் பிறகு கேட் நாற்பத்தைந்து வருடத்தையும் அந்த ஒரு கேள்வியோடு திரும்பக் கூட்டிப் பார்த்திருப்பாள். எனக்குத் தெரியும், எப்படிக் கூட்டிப் பார்ப்பார்கள் என்று. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

இன்னொன்று. இவர்கள் வீட்டில் இவர்களுடைய போட்டோக்கள் அதிகம் கிடையாது. எடுத்துக்கொள்ளவில்லை, தேவைப்படவில்லை என்பது போல. மேலே மட்டும் பெட்டி பெட்டியாக. இதை வைத்து ஜெஃப் காட்யாவைத்தான் நேசித்தான் என்று தீர்ப்பு எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கிற ஆளை யாராவது போட்டோ எடுத்து வைப்பார்களா?

என் போனில் இவள் படம் எத்தனை இருக்கிறது என்று தேடினேன். நான்கு. அதில் ஒன்று கை குலுங்கிப் போனது.

நவம்பர் 8, சனி

தையல் போட்ட இடம் இழுக்கிறது என்றாள். மற்றபடி ஒன்றுமில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பனியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். படம் வந்து இரண்டு வருடம் கழித்து, 2017-ல், அதே ஸ்விட்சர்லாந்தில் பனிப்பாறை உருகிய இடத்தில் ஒரு கணவனும் மனைவியும் கிடைத்தார்கள். 1942 ஆகஸ்டில் மாடுகளைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று போனவர்கள். வீட்டில் ஏழு பிள்ளைகள். எழுபத்தைந்து வருடம் பக்கத்து பக்கத்தில் கிடந்திருக்கிறார்கள். பையும் பாத்திரமும் புத்தகமும்கூடக் கிடைத்தன.

ஜெஃப்பை உலுக்குவதும் இதுதான். அவள் 1962-ல் எப்படியோ அப்படியே இருப்பாள், நான் இப்படி ஆகிவிட்டேன் என்கிறான். அதைக் கேட்டால் கேட்டுக்கு மட்டுமில்லை, எனக்கே சுருக்கென்றது. செத்தவளுக்கு வயதாகாது. கூட இருந்து கிழவியானவள் அவளோடு எப்படிப் போட்டி போடுவாள்?

ஆனால் ஞாபகம் பனிக்கட்டி இல்லை. 2000-ல் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சத்தம் கேட்டால் பயப்பட எலியைப் பழக்கினார்கள். பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்து, பயம் ஞாபகம் வந்த கையோடு மூளையில் ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். பயம் போய்விட்டது. ஞாபகப்படுத்தாமல் மருந்தை மட்டும் கொடுத்தால் போகவில்லை. அதாவது ஞாபகத்தை வெளியே எடுக்கும்போதுதான் அது இளகுகிறது, திரும்ப உள்ளே வைக்கும்போது புதிதாக உறைய வேண்டியிருக்கிறது. அடிக்கடி எடுத்துப் பார்த்த ஞாபகம்தான் அதிகம் கை பட்டது.

அப்படியானால் ஜெஃப் பரணில் பார்ப்பது எந்தக் காட்யாவை?

நவம்பர் 10, திங்கள்

ஒரு தவறு. படத்தில் கேட் அந்த ஸ்லைடைப் பற்றி ஜெஃப்பிடம் கேட்டுவிடுவாள், அவன் தலை குனிவான் என்று ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காட்சி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சமையலறை, ஜன்னல் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன்.

அப்படி ஒரு காட்சியே இல்லை. முழுவதும் பார்த்துவிட்டேன். அவள் சொல்லவே இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி படுக்கையில், நான் நினைப்பதையெல்லாம், எனக்குத் தெரிந்ததையெல்லாம் உன்னிடம் சொல்லத்தான் ஆசை, ஆனால் முடியவில்லை என்கிறாள். அவ்வளவுதான். நாளைக்கு விருந்துக்கு வர வேண்டும், எல்லோர் முன்னாலும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறாள்.

அப்படியென்றால் பரணுக்குப் பிறகு இந்தப் படத்தில் ஒளிக்கிறவள் கேட்தானே. ஜெஃப் மறந்தோ மறைத்தோ சொல்லாமல் விட்டான். கேட் தெரிந்தே விட்டாள். எல்லோரும் அவனையே குடைகிறோம். அவள் ஏன் சொல்லவில்லை? கேட்டால் அவன் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று பயந்தாளா?

நவம்பர் 11, செவ்வாய்

ரிசல்ட் வந்துவிட்டது. என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

இவளிடம், இன்னும் வரவில்லை என்றேன்.

நவம்பர் 12, புதன்

அவள் செத்திருக்காவிட்டால் அவளைக் கல்யாணம் செய்துகொண்டிருப்பாயா என்று கேட் கேட்கிறாள். ஜெஃப், ஆமாம் என்கிறான்.

என்ன மனிதன் இவன். ஐம்பது வருடத்துக்கு முன்னால் நடக்காமல் போன ஒன்றைப் பற்றி எதற்கு இந்த நேர்மை? யாருக்கு லாபம்? தெரியவில்லை என்றிருக்கலாம். அது பொய்கூட இல்லை. யாருக்குத்தான் தெரியும்? நேர்மையாக இருப்பதாக நினைத்துக்கொண்டு தன் பாரத்தை அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். அவனைப் போலச் சிலர் உண்டு. சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று இருப்பார்கள். கேட்டவர்கள் ராத்திரி முழுக்க விழித்திருப்பார்கள்.

இவள் அன்றைக்குச் சொன்னது இதைத்தான். பொய் சொல்லியிருந்தால் கையை இழுத்திருக்க மாட்டாள். பொய் என்றால் ஏமாற்று என்ற அர்த்தத்தில் இல்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள் என்ற அர்த்தத்தில். எத்தனை யோசித்தாலும் இந்த வாக்கியத்துக்கு வேறு அர்த்தம் வரவில்லை. இவளே சொன்னது.

ஃபைல் அலமாரியில், துணிக்கு அடியில்.

நவம்பர் 13, வியாழன்

சனிக்கிழமை காலையில் ஜெஃப் திடீரென்று நல்லவனாகிவிடுகிறான். தேநீர் போட்டுப் படுக்கைக்கே கொண்டுவருகிறான். பரிசு வாங்கி வைத்திருக்கிறான். குற்ற உணர்ச்சியா, பாசமா, இல்லை வெள்ளிக்கிழமை இரவு கேட் கேட்டுக்கொண்டதை அப்படியே நடித்துக் காட்டுகிறானா? மேடையில் அழுததும் அப்படித்தானோ? சின்ன வயதில் எடுக்கிற முடிவுகளைப் பற்றிப் பேசும்போது அவன் குரல் உடைகிறது. எந்த முடிவு, எந்தப் பெண் என்று கேட்டின் முகம் தேடுகிறது. அழுவது நிஜம். யாருக்காக என்பது அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். ஒரே அழுகையில் இரண்டு பேர் இருக்கக்கூடாது என்று சட்டமா?

இன்று இவள் புடவைகளையெல்லாம் இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன். மருந்து டப்பாவில் கிழமை எழுதி ஒட்டினேன். வாசல் வரை வந்து நின்று பார்த்தாள்.

“என்னங்க, என்ன திடீர்னு?”

“சும்மாதான்.”

உள்ளே போய்விட்டாள். அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தமும் கேட்டது.

நவம்பர் 14, வெள்ளி

சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். இருட்டில் கேட்பது சுலபமாக இருந்தது.

அந்த இங்கிலீஷ் படம் ஞாபகம் இருக்கிறதா, கடைசியில் டான்ஸ் ஆடுவார்களே என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். பனியில் ஒரு பெண் கிடப்பாளே, நாய்கூட உண்டே என்றாள். நாயை நான் மறந்தே போயிருந்தேன்.

“அன்னிக்கு ராத்திரி நீ ஒண்ணு சொன்னே. அவன் பொய் சொல்லியிருந்தா அவ கையை இழுத்திருக்க மாட்டான்னு. எதை வெச்சு அப்படிச் சொன்னே?”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. சிரிக்கிறாளோ என்று நினைத்தேன்.

“அதை நான் சொல்லலைங்க. நீங்கதான் சொன்னீங்க. நான் தூங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டுச் சொன்னீங்க.”

இல்லை என்றேன். ஆமாம் என்றாள். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன் என்பதுவரை சொன்னாள். எனக்கு இவள் குரலில்தான் கேட்கிறது, இப்போது எழுதும்போதும் இவள் குரலில்தான் கேட்கிறது. நானே சொல்லி, நானே எடுத்து எடுத்துப் பார்த்து, திரும்ப வைக்கும்போது இவள் குரலில் வைத்தேனா? அல்லது இவள்தான் மாற்றி வைத்திருக்கிறாளா? மூன்றாவது ஆள் அந்த அறையில் இல்லை.

“நீ அதுக்கு என்ன நெனச்சே?” என்றேன்.

“என்னத்த நெனக்கிறது. இந்த மனுஷன் ஒருநாள் நம்மகிட்ட சொல்லப் போறாருன்னு நெனச்சேன்.”

கரண்ட் வந்தது. கண் கூசியது. இவள் என்னைப் பார்க்கவில்லை, கையை மட்டும் நீட்டினாள்.

“அந்த ஃபைலை எடுத்துட்டு வாங்க.”

நவம்பர் 15, சனி

இவள் கண்ணாடியை மாற்ற வேண்டும். ரிப்போர்ட்டில் உள்ள எழுத்து சின்னதாக இருக்கிறது, விளக்கடியில் போய் நின்றுதான் படித்தாள்.